பன்னிரண்டு பவதாரிணி

பன்னிரண்டில் பதினொன்று எழுந்துவிட்டன. ஒன்று மட்டும் எழவில்லை. பாண்டிராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சர்வர் அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான். சுவரில் ஒரு பெரிய டிவி. கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுபவரிடமிருந்து எடுத்து வந்தது. அதில் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சர்வர். பதினொரு கட்டங்களில் அந்தந்த சர்வர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு, உள்ளே வருகிறவர் யார் என்று கேட்டு நின்றது. பன்னிரண்டாவது கட்டம் கறுப்பு. ஹார்ட் டிஸ்க் காலி, மேற்கொண்டு போக வழியில்லை என்று ஒரே ஒரு வரி.

கூட வேலை பார்க்கும் விஜய்ஆனந்தின் ஏற்பாடு தோற்றுவிட்டது. முழுக்க இல்லை, பன்னிரண்டில் ஒரு பங்குதான். பாண்டிராஜுக்கு அது போதும்.

அந்த ஏற்பாடு இதுதான். புது மெஷினில் கேபிளைச் செருகி சுவிட்சைப் போட்டால், அது முதலில் தன் டிஸ்க்கைப் பார்க்கும். காலி என்று தெரிந்ததும் நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும்: நான் யார், என் முகவரி என்ன? விஜய் 'மாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்த ஒரு மெஷின் அதற்குப் பதில் சொல்லும். பெயர் வைக்கும், முகவரி கொடுக்கும், மெஷினை ஓட்டும் யூனிக்ஸ் என்ற மென்பொருளை ஊட்டிவிடும். பத்து நிமிடத்தில் சர்வர் தயார். அந்தப் பத்து நிமிடமும் விஜய் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

பாண்டிராஜின் முறை வேறு. டிவிடியைப் போட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்காருவான். எந்த நாடு, எந்த மொழி, டிஸ்க்கை எப்படிப் பிரிக்க என்று மெஷின் ஒவ்வொன்றாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு பதில் அடிப்பான். ஒரு கேள்வி தப்பாது. விஜய் வரும்வரை அந்த அலுவலகத்தில் அதற்குப் பெயர் திறமை. விஜய் வந்த பிறகு அதற்குப் பெயர் "இன்னும் முடியலையா?"

காளவாசலில் இருந்த அந்தக் கம்பெனி ஜவுளிக்கடைகளின் பில் கணக்குகளைத் தன் சர்வர்களில் வைத்து ஓட்டிக் கொடுத்தது. முதலாளி ஜனகராஜ் வாடிப்பட்டியில் புது சென்டர் கட்டியிருந்தார். இந்தப் பன்னிரண்டும் அங்கே போகப்போகின்றன. கூடவே ஒரு இன்சார்ஜும் போக வேண்டும். கடைக்காரர்களை இன்று கூட்டி வந்து சர்வர்களைக் காட்டுவதாகவும், இன்சார்ஜ் யார் என்பதைக் கையோடு சொல்லிவிடுவதாகவும் அவர் அறிவித்திருந்தார்.

போட்டியில் இருந்தது இரண்டே பேர். பாண்டிராஜ் சேர்ந்து ஒன்பது வருடம். விஜய் சேர்ந்து இரண்டு வருடம். இந்தக் கழித்தல் கணக்கை பாண்டிராஜ் தினமும் பல முறை போட்டுப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் ஏழு மிச்சம் வந்தது. முதலாளியின் கண்ணுக்கு மட்டும் அந்த ஏழு தெரியவில்லை.

அதைவிட வயிற்றெரிச்சல், விஜய் இன்று லீவு.

"முதலாளி வார அன்னைக்கா லீவு போடுற?" என்று நேற்றே கேட்டிருந்தான்.

"வண்டியூர்ல சித்தி மகளுக்கு வளைகாப்புண்ணே."

"வளைகாப்புல ஆம்பளைக்கு என்னடா வேல? நீயா வளையல் அடுக்கப்போற?"

"பந்தி பாக்கணும்ணே. அதான் நீங்க இருக்கீங்கள்ல, பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று பாண்டிராஜ் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். பழங்காநத்தம் சிக்னலில் கண்டுபிடித்துவிட்டான். நான் வரவே வேண்டியதில்லை, என் ஏற்பாடு தானாக ஓடும் என்பதுதான் அதன் பொருள்.

அது ஓடவில்லை. பன்னிரண்டாவது கட்டத்தை அவன் இன்னொரு முறை ஆசையோடு பார்த்தான்.

கதவைத் திறந்துகொண்டு ரம்யாஸ்ரீ எட்டிப் பார்த்தாள். வரவேற்பில் இருப்பவள்.

"அண்ணே, முதலாளி வாடிப்பட்டியில இருந்து கிளம்பிட்டாராம். எல்லாம் ரெடியா?" டிவியைப் பார்த்தாள். "ஒன்னு நிக்குது போலயே?"

"நிக்குது."

"ஏன் நிக்குது?"

"உங்க விஜய்கிட்டத்தான் கேக்கணும்."

"எங்க விஜயா? அவரு எல்லாருக்கும் விஜய்தாண்ணே." உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "ஒன்னே ஒன்னுதான? டிவிடியப் போட்டு நீங்க கையாலயே ஏத்திருங்களேன். முதலாளி உள்ள வாரப்ப நீங்க உக்காந்து ஏத்திக்கிட்டு இருந்தா நல்லாத்தான இருக்கும்?"

பாண்டிராஜுக்குச் சுருக்கென்றது. பதினொன்றை அவன் வளைகாப்புப் பந்தியில் நின்றுகொண்டே ஏற்றுவான். மிச்சம் இருக்கும் ஒன்றை இவன் ஸ்டூலில் குந்தி ஏற்ற வேண்டும். அதை முதலாளியும் ஜவுளிக்கடைக்காரர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க வேண்டும்.

"கையால ஏத்துற காலமெல்லாம் போச்சும்மா" என்றான். ஒன்பது வருடத்தில் இப்படி அவன் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அதுக்கில்லண்ணே…"

"நீ போயி வாரவங்களுக்கு ஜூஸ் சொல்லு போ."

அவள் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போனாள்.

பாண்டிராஜ் பன்னிரண்டாவது மெஷினின் உள் அமைப்புகளைத் திறந்தான். கீழே இறங்கிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது. நெட்வொர்க் வழியாக எழுந்திருக்கும் வசதி அந்த மெஷினில் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"மறந்துட்டான்!" என்றான் ஏசியைப் பார்த்து. "இதத்தான் மறந்துட்டுப் போயிட்டான், பெரிய பருப்பு!"

இரண்டு வருடமாக அவன் காத்திருந்தது இதற்குத்தான். விஜய் எதையும் மறக்க மாட்டான். பாண்டிராஜின் பிறந்த நாளைக்கூட மறக்காமல் கேக் வாங்கி வருவான். அந்தக் கேக்கைத் தின்பது எவ்வளவு கஷ்டம் என்பது பாண்டிராஜுக்குத்தான் தெரியும்.

வசதியை இயக்கினான். சந்தோஷத்தில் கை கொஞ்சம் வேகமாகப் போனது. நெட்வொர்க்கை வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றி வைத்துவிட்டு மெஷினைத் தட்டினான். அது குரல் கொடுத்தது. மாஸ்டர் பதில் சொன்னது. கட்டத்தில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

பாண்டிராஜ் டீ சொன்னான். விஜய் குடிப்பது போலவே ரேக்கில் சாய்ந்துகொண்டு, ஒரு காலை மடக்கி நின்று குடித்தான். வசதியாகத்தான் இருந்தது. ஏற்றம் முடிந்தது. மெஷின் தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழுந்தது. அவன் வரவேற்புக்கு நடந்து போனான்.

"ரம்யா, பன்னெண்டும் ரெடி. முதலாளி கேட்டா, விஜய் விட்டுட்டுப் போனத பாண்டிராஜ் அண்ணே கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டாருன்னு சொல்லிரு."

"கையாலயாண்ணே ஏத்துனீங்க?"

"ஆட்டோமேட்டிக்."

அவள் முகம் ஒரு மாதிரி போனது. பாண்டிராஜ் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது பன்னிரண்டாவது கட்டத்தில் மறுபடி எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று சதவீதம் என்று காட்டியது. நூறு முடித்த மெஷின், மூன்றில் நின்றது.

முதல் தடவை சரியாக ஏறவில்லை போலும் என்று காத்திருந்தான். நூறு வந்தது. அணைந்து எழுந்தது. திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

"ரெடிதானண்ணே?" ரம்யாஸ்ரீ வாசலிலிருந்து கேட்டாள்.

"ரெடி. ரெண்டு தடவ ரெடி ஆயிருச்சு."

காரணம் எளிது. நெட்வொர்க்கை அவன் மேலே ஏற்றி வைத்திருந்ததால், மெஷின் எழும்போதெல்லாம் தன் டிஸ்க்கைப் பார்க்காமல் மாஸ்டரைக் கூப்பிட்டது. பசிக்கிறது என்று கூப்பிட்டால் மாஸ்டரும் சலிக்காமல் முதலிலிருந்து ஊட்டியது. அந்த ஒரு வரியைக் கீழே இறக்கினால் தீர்ந்தது. வேறு யாருடைய ஏற்பாடாக இருந்தாலும் பாண்டிராஜுக்கு அது நொடியில் பிடிபட்டிருக்கும். விஜயின் ஏற்பாடு என்பதால், தப்பு விஜயிடம்தான் இருந்தாக வேண்டும்.

மாஸ்டருக்குள் நுழைந்தான். அதன் பாஸ்வேர்டை விஜய் கேட்காமலே கொடுத்து வைத்திருந்தான். "நான் இல்லாதப்ப உங்களுக்கு வேணும்லண்ணே" என்று. அப்படிக் கொடுத்ததும் பாண்டிராஜுக்குப் பிடிக்கவில்லை. இவன் கேட்டு, அவன் தர மறுத்திருந்தால் ஒரு வாரத்துக்குப் பேசிக்கொள்ள விஷயம் கிடைத்திருக்கும்.

விஜய் எழுதி வைத்திருந்தது சுத்தமாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. மாஸ்டர் பதில் சொல்வதை நிறுத்தினால் இந்தச் சுற்றலும் நிற்கும் என்று முடிவு செய்தான். அதற்குத் தேவையில்லை என்று பட்ட சில வரிகளை அழித்தான். நிறுத்தினான்.

சுற்றல் நின்றது. பாதி ஏற்றத்தில் நின்றது. காலையில் காலி வயிற்றோடு நின்ற மெஷின், இப்போது அரை வயிற்றோடு நின்றது. சரி, ஒரே ஒரு தடவை முழுதாக ஊட்டிவிட்டு நிறுத்துவோம் என்று மாஸ்டரை மறுபடி எழுப்பினான். மாஸ்டர் எழவில்லை. அழித்த வரிகளைத் திரும்பப் போட வேண்டும். எந்த வரிகள் என்பது நினைவில்லை.

பாண்டிராஜ் போனை எடுத்தான். விஜயின் நம்பரைத் திறந்தான். கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. ஒரு வார்த்தை கேட்டால் போதும். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றபடியே சொல்லிவிடுவான். "அதுக்கென்னண்ணே" என்று ஆரம்பிப்பான். அந்த "அதுக்கென்னண்ணே"யைத்தான் தாங்க முடியாது.

போன் அடித்தது. மனைவி பவதாரிணி.

"என்னங்க, வீட்டுல வைஃபை நிக்குது. அந்த விஜய் தம்பி நம்பரக் குடுங்க."

"ஏன், நான் இல்ல? நானும் அதே வேலதான பாக்குறேன்?"

"போன வாரம் நீங்க பாத்தீங்க. அப்புறம் டிவியும் வரல."

பாண்டிராஜ் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அந்தத் தம்பி வந்து ரெண்டு நிமிசத்துல சரி பண்ணிட்டு, காபிகூட வேணாம்னுட்டுப் போச்சு. எம்புட்டுத் தன்மையான பையன். நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இல்ல."

"உங்க போன்ல இல்லாமயா?"

"இல்லங்குறேன்ல!"

வைத்துவிட்டு, மனைவியிடம் பொய் சொன்னதாக இருக்கக் கூடாது என்று விஜயின் நம்பரை அழித்தான்.

இனி ஒரே வழிதான். தன் பையிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்தான்.

ஆறு மாதமாக அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் வீட்டில் அவனும் ஒரு மாஸ்டர் செய்துகொண்டிருந்தான். விஜய் செய்ததைப் பார்த்துச் செய்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எல்லாவற்றையும் வேறு மாதிரி செய்திருந்தான். அதனால் கொஞ்சம் நாளாகிவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரே ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதற்கு ஆசையாக மனைவியின் பெயரை வைத்திருந்தான். "அந்தப் பழைய டப்பாவுக்கா என் பேரு?" என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை. யார் வந்து கேட்டாலும் யூனிக்ஸை ஏற்று, பவதாரிணி என்று பெயர் வை. அவனுடைய மாஸ்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லேப்டாப்பை அலுவலக நெட்வொர்க்கில் செருகி, பன்னிரண்டாவது மெஷினைத் தட்டினான். அது குரல் கொடுத்தது. லேப்டாப் பதில் சொன்னது. எழுத்துகள் ஓடின.

பாண்டிராஜுக்குக் கண் கலங்கியது. என்னுடையது ஓடுகிறது. டீ குடித்துக்கொண்டே ஓட்டலாம்.

"தம்பி" என்று ஒரு குரல். கணக்குப் பிரிவு பாண்டிமீனா வாசலில் நின்றாள். "நெட்டு வரல."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா" என்றான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஒன்பது வருடமாக அந்த அலுவலகத்தில் எந்த நோய்க்கும் அவன் கொடுத்த மருந்து அதுதான். நெட் வராவிட்டாலும், பிரிண்டர் நின்றாலும், ஏசியில் தண்ணீர் சொட்டினாலும்கூட அங்கே எல்லோரும் முதலில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டுத்தான் பேசுவார்கள்.

பாண்டிமீனா போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்தாள்.

"தம்பி, என் கம்ப்யூட்டர்ல இருந்த பொம்மையெல்லாம் போயிருச்சு. கருப்பா ஆகி, வெள்ள எழுத்தா ஓடுது."

பாண்டிராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "ஏதாச்சும் பர்சென்ட் போட்டிருக்காக்கா?"

"இரு, பாத்துட்டு வாரேன்." அங்கிருந்தே கத்தினாள். "நாப்பத்தி ரெண்டு! நாப்பத்தி மூணு! வேகமாத்தான் போகுது தம்பி, நல்ல விசயந்தான?"

நல்ல விஷயம் இல்லை. லேப்டாப்பைப் பன்னிரண்டாவது மெஷினோடு மட்டும் சேர்க்காமல் அலுவலகம் முழுவதற்குமான நெட்வொர்க்கில் செருகியிருந்தான். விஜயின் மாஸ்டர் தனக்குத் தெரிந்த சர்வர்களுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். லேப்டாப்புக்குப் பன்னிரண்டாவது மெஷின் எது, பாண்டிமீனா எது என்று தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் முகவரி கொடுத்தது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டுக்குப் போக முடியாது. அதனால்தான் நெட் நின்றது. நின்றதும் அவள் வழக்கம்போல் அணைத்துப் போட்டாள். அலுவலகக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் எழும்போது நெட்வொர்க்கைத்தான் முதலில் பார்க்கும். அப்படி மாற்றி வைத்ததும் பாண்டிராஜ்தான். விஜய் வந்த புதிதில், போட்டிக்கு, என்றாவது தானும் இப்படி ஏற்றிக் காட்டுவதற்காக.

"சம்பளக் கணக்கு அதுலதான் தம்பி இருக்கு" என்றாள் பாண்டிமீனா.

"இருந்துச்சு" என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினான்.

"பாண்டிராஜ், இங்கயும் நெட்டு இல்ல!" என்று ஹாலிலிருந்து ஒருவர்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்!" என்று இன்னொருவர் பெருமையாக.

"யாரும் ஆஃப் பண்ணாதீங்க!" பாண்டிராஜ் ஓடினான். "ஆன்ல இருக்குறவங்க ஆன்லயே இருங்க! ஆஃப்ல இருக்குறவங்க ஆஃப்லயே இருங்க!"

"ஆன் பண்ணுன கையோட இருக்குறவங்க என்னங்க செய்ய?"

ஒரே நேரத்தில் அத்தனை கம்ப்யூட்டர்களையும் நிறுத்த அவனுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. மாடிப்படிக்குக் கீழே போய் மெயின் சுவிட்சை இறக்கினான்.

அலுவலகம் இருட்டானது. ஏசி நின்றது. காளவாசல் சிக்னலில் பஸ்கள் ஹாரன் அடிப்பது உள்ளே கேட்டது. அந்த இருட்டு பாண்டிராஜுக்குப் பிடித்திருந்தது. இப்படியே சாயங்காலம் வரை நின்றுவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணே!" ரம்யாஸ்ரீ செல்போன் வெளிச்சத்தோடு ஓடி வந்தாள். "முதலாளி பாத்திமா காலேஜ் தாண்டிட்டாராம்! எதுக்கண்ணே கரண்ட நிறுத்துனீங்க?"

இருட்டில் சர்வர் காட்ட முடியாது. சுவிட்சை ஏற்றினான்.

பன்னிரண்டு சர்வர்களும் ஒன்றாக எழுந்தன. கரண்ட் போனால் தாங்கும் யூபிஎஸ்ஸை வாடிப்பட்டியில்தான் வைக்கப்போகிறார்கள் என்பதால் அவற்றுக்கும் மின்சாரம் போயிருந்தது. யூனிக்ஸ் ஏறியிருந்த பதினொன்றும் ஒழுங்காகத் தங்கள் டிஸ்க்கிலிருந்தே எழுந்தன. எழுந்ததும் வழக்கம்போல் நெட்வொர்க்கில் கேட்டன: நான் யார், என் முகவரி என்ன?

மாஸ்டர் ஊமையாகக் கிடந்தது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது.

அது தனக்குத் தெரிந்த ஒரே பெயரை எல்லோருக்கும் வைத்தது.

பாண்டிராஜ் சர்வர் அறைக்குள் நுழைந்ததும், பின்னாலேயே முதலாளி ஜனகராஜ் நுழைந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் மூன்று ஜவுளிக்கடைக்காரர்கள்.

"வாங்க, வாங்க. இதுதாங்க நான் சொன்னது. உங்க கடைக்குத் தனி சர்வர், அண்ணாச்சி கடைக்குத் தனி சர்வர். ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குப் போகாது. டிவியில பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பன்னிரண்டு கட்டங்களிலும் இங்கிலீஷ் எழுத்தில் ஒரே பெயர். பவதாரிணி. பவதாரிணி. பவதாரிணி.

மூவரில் மூத்தவர் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். கடைசிக் கட்டம் வரை பொறுமையாக வாசித்தார்.

"எல்லாம் ஒரே பொம்பளப் பேருல இருக்கே. பினாமிங்களா?"

"சேச்சே." ஜனகராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "பாண்டிராஜ், யாருப்பா இந்த பவதாரிணி?"

"என் வொய்ஃப் சார்."

"அவங்க இங்க என்ன பண்றாங்க?"

அப்போது பாண்டிமீனா வாசலில் வந்து நின்றாள்.

"சார், உங்க ரூம்லயும் பவதாரிணிதான் சார் இருக்கு."

ஜனகராஜ் கண்களை மூடித் திறந்தார். "ரம்யா, இவங்கள கூட்டிட்டுப் போயி ஜிகர்தண்டா வாங்கிக் குடும்மா" என்றார். அவர்கள் போகும்வரை சிரித்த முகமாக நின்றார். கதவு சாத்தியதும் திரும்பினார்.

"சொல்லு."

"ஆரம்பத்துலயே தப்பு விஜய் மேலதான் சார்" என்றான் பாண்டிராஜ். "பன்னெண்டாவதுல நெட்வொர்க்க அணைச்சு வச்சுட்டு, மறந்துட்டுப் போயிட்டான். அத சரி பண்ணப் போயித்தான் இம்புட்டும்."

"அந்த ஒன்ன கையால ஏத்திட்டுப் போயிருக்கலாம்ல? ஒம்பது வருசமா அதத்தான பாக்குற?"

"காலத்துக்கு ஏத்த மாதிரி…"

"அவனக் கூப்பிடு."

"நம்பர் இல்ல சார்."

ஜனகராஜ் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தானே போன் செய்தார்.

வண்டியூரிலிருந்து காளவாசலுக்கு ஊரைக் குறுக்கே பிளந்துகொண்டு வந்தாலும் அரை மணி நேரம் ஆகும். முதலாளி போனைப் பைக்குள் போடுவதற்குள் விஜய் வாசலில் நின்றான். பைக் ஓட்டுவதிலும் இவன்தானா என்று பாண்டிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தி பார்த்த சட்டையில் ஒரு சாம்பார்த் துளிகூட இல்லை. அதற்கும் பற்றிக்கொண்டு வந்தது.

விஜய் டிவியைப் பார்க்கவில்லை. நேராகப் பன்னிரண்டாவது மெஷினைப் பார்த்தான். டிவிடி போடும் இடத்தைப் பார்த்தான். பிறகு பாண்டிராஜைப் பார்த்தான்.

"நீங்க டிவிடி போடலையாண்ணே?" என்றான். குரல் கிட்டத்தட்ட அழுவது போல இருந்தது.

குத்திக் காட்டுகிறான் என்று பாண்டிராஜ் பல்லைக் கடித்தான்.

அதன் பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. விஜய் லேப்டாப்பின் கேபிளைப் பிடுங்கினான். அழிந்த வரிகளை மனப்பாடமாக அடித்தான். மாஸ்டர் எழுந்தது. சர்வர்கள் ஒவ்வொன்றாகப் பவதாரிணி என்ற பெயரைத் துறந்து தங்கள் பெயருக்குத் திரும்பின. பன்னிரண்டாவதில் ஒரு வரியைக் கீழே இறக்கினான். அதுவும் ஏறியது.

"சம்பளக் கணக்கு தம்பி…" என்றாள் பாண்டிமீனா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

"இருக்குக்கா. தெனமும் தானா ஒரு காப்பி எடுத்துக்குற மாதிரி வச்சிருக்கேன்."

"நீ நல்லா இருப்ப சாமி. உனக்கொரு குறையும் வராது."

பாண்டிராஜுக்கு அவளும் எதிரியானாள்.

ஜவுளிக்கடைக்காரர்கள் ஜிகர்தண்டா மீசையோடு திரும்பி வந்தார்கள். டிவியில் பன்னிரண்டு கட்டங்கள், பன்னிரண்டு பெயர்கள். மூத்தவர் மறுபடி கண்ணாடியை ஏற்றிப் போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். தன் கடைப் பெயரைக் கண்டதும் தலையை ஆட்டினார். "தம்பி கெட்டிக்காரப் பய" என்றார் விஜயைப் பார்த்து.

ஜனகராஜ் விஜயின் தோளில் கை போட்டார்.

"இனிமே இதுல யோசிக்க ஒன்னுமில்ல. வாடிப்பட்டி இன்சார்ஜ் விஜய்தான். எழுதியே குடுத்துர்றேன். இன்னும் அஞ்சு வருசத்துக்கு இவன நான் எங்கயும் விடுறதா இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். பாண்டிராஜும் தட்டினான். இரண்டு தட்டு.

விஜயின் முகம் வெளுத்துப்போனது. "சார், அவசரப்படாதீங்க சார். பாண்டிராஜ் அண்ணேதான் சீனியர். அவருக்குக் குடுக்குறதுதான் மொற. நான் அவருக்குக் கீழ…"

"சீனியரத்தான் பாத்தேனே" என்றார் ஜனகராஜ். "பன்னெண்டு கட்டத்துலயும் பாத்தேன்."

பாண்டிராஜ் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. இன்று வீட்டில் சொல்ல வேண்டும். புது சென்டர் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டுமா, அவள் பெயர் எங்கெல்லாம் ஓடியது என்றும் சொல்ல வேண்டுமா என்று யோசித்தான்.

விஜய் அவனைக் கடந்து படியிறங்கினான். பைக் பக்கம் போகாமல் வாசல் சுவரில் சாய்ந்து, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருந்தது.

பாண்டிராஜ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். கிடைக்காதவன் நிற்கிறேன். கிடைத்தவன் துக்கம் கொண்டாடுகிறான். இந்த நடிப்பையும் சேர்த்துத்தான் ஊர் தன்மை என்று மெச்சுகிறது.

காலி ஜிகர்தண்டா டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு ரம்யாஸ்ரீ படிக்கு வந்தாள்.

"பாத்தியாம்மா அவன் மூஞ்சிய" என்றான் பாண்டிராஜ் தாழ்ந்த குரலில். "இன்சார்ஜ் ஆனதுல கொஞ்சங்கூடச் சந்தோசமே இல்லாத மாதிரி உக்காந்திருக்கான். யார ஏமாத்த இந்த வேசம்?"

ரம்யாஸ்ரீ தட்டைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு எங்கிட்டுண்ணே சந்தோசம் வரும்? உங்கள இன்சார்ஜ் ஆக்குனாத்தான் முதலாளி தன்ன பெங்களூருல கெடச்ச வேலைக்கு விடுவாருன்னு, எல்லாரு முன்னாடியும் நீங்க கையால ஏத்திப் பேரு வாங்கட்டும்னு அந்தப் பன்னெண்டாவத வேணும்னே அணைச்சு வச்சுட்டு, வளைகாப்புன்னு ஒரு புளுகையும் சொல்லிட்டு, காலையில இருந்து எதுத்த டீக்கடையிலதாண்ணே உக்காந்திருந்தாரு மனுசன்!"